பல் துலக்கப் பழகும் பருவம்



குழந்தைக்கு முதற் பல் முளைக்கும் நாளைத் தமிழ்க் குடும்பங்கள் எத்துணை மகிழ்ச்சியோடு கொண்டாடுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் அன்று பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காயைப் பற்களைப் போன்ற சிறு சொட்டுகளாக நறுக்கிக் கொழுக்கட்டையின் விளிம்பிலே பதிப்பார்கள். குழந்தையை நடுவில் இருத்தி, அதன் தலைமேல் கொழுக்கட்டைகளை மெல்லச் சொரிவார்கள். உற்றாரும் அயலாரும் கூடி உண்டு வாழ்த்துவார்கள். கொழும்புக்குக் குடிவந்து பல தலைமுறைகள் கழிந்த பின்னரும் இவ்வழக்கத்தைக் கைவிடாத குடும்பங்கள் பல உண்டு.

அந்த ஒரு பல்லுக்குக் கிடைக்கும் வரவேற்பைக் கண்டு நாம் மகிழலாம். ஆனால் அதன் பின்னே ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கும் மற்றப் பத்தொன்பது பற்களுக்கும், அவற்றை அடுத்து வாழ்நாள் முழுவதற்கும் துணையாக வரும் நிலையான பற்களுக்கும் அந்தக் கவனம் கிடைக்கின்றதா? இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. ஒரு குழந்தை எந்த வயதிலே தன் பற்களைத் தானே துலக்கத் தகுதி பெறுகின்றது? பெற்றோர் தங்கள் கையை எப்போது எடுத்துக்கொள்ளலாம்? கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றும் இதற்கு, நம்மில் பெரும்பாலோர் மூன்று வயது என்றோ நான்கு வயது என்றோ எண்ணிச் செயலாற்றி வருகின்றோம். அவ்வெண்ணத்தின் விலையைப் பிள்ளைதான் பின்னர் செலுத்துகின்றது.

கொழும்பு பதின்மூன்றிலே உள்ள ஜிந்துப்பிட்டியின் காலை நேரத்தைச் சற்று மனக்கண்முன் கொண்டுவாருங்கள். சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசை கேட்கும்போதே தெரு விழித்துக்கொள்கின்றது. புறக்கோட்டைக் கடைகளுக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குச் செல்வோர் விரைகின்றனர். சப்பாத்தும் புத்தகப்பையுமாகப் பிள்ளைகள் விவேகானந்தா மேட்டின் ஏற்றத்தில் நடக்கின்றனர். தோட்டம் என்று கொழும்பிலே வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளில் பல வீட்டாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அதன் முன்னே வாளிகள் வரிசையாக நிற்கும். இந்த அவசரத்தின் நடுவே, தேநீர் ஊற்றவும், சோறு கட்டவும், சட்டைக்குப் பொத்தான் பூட்டவும் தாய்க்கு இருப்பவை இரண்டே கைகள். ஆகவே, நான்கு வயதுப் பிள்ளையின் கையிலே பிரஷ் என்று நாம் யாவரும் வழங்கும் பல் தூரிகையைக் கொடுத்து, "போய்ப் பல்லை விளக்கிக்கொண்டு வா, ராசா" என்று அனுப்பிவிடுகின்றாள். அரை நிமிடத்தில் பிள்ளை திரும்பி வருகின்றது. வாயிலே பற்பசையின் மணம் கமழ்கின்றது. தாயின் மனமும் நிறைகின்றது.

வாய் மணப்பது உண்மைதான். பல் துலங்கியதா என்பது வேறு கேள்வி. அந்தத் தாயைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆர்வம் இருக்கின்றது. தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகின்றது. "நானே, நானே" என்று அடம்பிடிக்கின்றது. ஆர்வத்தைக் கண்டு ஆற்றலும் வந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் ஆர்வம் இரண்டு வயதில் வருகின்றது. கையின் ஆற்றலோ ஏழு, எட்டு வயதிலேதான் வந்து சேருகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளை எவ்வாறு கடப்பது என்பதே நம்முடைய பிரச்சினை.

கையின் ஆற்றல் என்று எதனைக் குறிப்பிடுகின்றேன்? மூன்று வயதுக் குழந்தை ஒரு பொருளை உள்ளங்கையால் இறுகப் பற்றுகின்றது. தோளையும் முழங்கையையும் அசைத்து முன்னும் பின்னும் இழுக்கின்றது. மணிக்கட்டைத் திருப்பி, விரல்களால் சிறு வட்டங்கள் போடும் நுட்பம் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை. எனவே கண்ணாடியிலே தெரியும் முன்பற்களின் வெளிப்புறத்தை மட்டும் தேய்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகின்றது. பின்புறத்திலுள்ள கடைவாய்ப் பற்களையும், நாக்கை நோக்கிய உட்பக்கத்தையும், பல்லும் முரசும் சந்திக்கும் ஓரத்தையும் தூரிகை தொடுவதேயில்லை. பற்சூத்தை பெரும்பாலும் தொடங்குவது அவ்வாறு தூரிகை தீண்டாத இடங்களிலேயே.

பற்சூத்தை எப்படி உண்டாகின்றது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். நம் வாயிலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எண்ணிறந்தவை வாழ்கின்றன. அவை பல்லின்மீது மெல்லிய, பசைபோன்ற படையாகப் படிந்துகொள்கின்றன. நாம் உண்ணும் சீனியும் மாப்பண்டமும் அவற்றுக்கு உணவாகின்றன. அவ்வுணவை உண்டு அவை அமிலத்தை உண்டாக்குகின்றன. பல்லின் மேற்பூச்சு மனித உடலிலேயே மிகவும் கடினமான பொருள். எனினும் அமிலத்தின்முன் அதுவும் சிறிது சிறிதாகக் கரைகின்றது. நல்ல வேளையாக நமது உமிழ்நீர் அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்து வருகின்றது. அடிக்கடி இனிப்பு உண்பதாலும், படிந்த படை அகற்றப்படாமையாலும் இழப்பு மிகுந்து ஈடு குறையும்போது பல்லிலே குழி விழுகின்றது. குழி விழுவதற்கு முன்பே, முரசின் ஓரத்தில் சுண்ணாம்பு தீட்டியதுபோல வெண்மையான கோடு ஒன்று தோன்றும். அந்நிலையிலே கண்டுகொண்டால் நோயைத் தடுத்து நிறுத்தலாம். ஆனால் அந்தக் கோட்டைக் காண்பதற்குப் பெரியவர் ஒருவர் பிள்ளையின் உதட்டை உயர்த்திப் பார்க்கவேண்டும். பிள்ளையைத் தனியே குழாயடிக்கு அனுப்பும் வீட்டிலே அந்தப் பார்வை நிகழ்வதில்லை.

"பாற்பல் விழத்தானே போகின்றது, அதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று சில பாட்டிமார் கேட்பதுண்டு. பாற்பற்கள் எல்லாம் ஒரே காலத்தில் விழுந்துவிடுவன அல்ல. முன்பற்கள் ஆறு, ஏழு வயதிலே விழத் தொடங்கும். பின்புறத்துப் பாற்பற்களோ பத்து, பன்னிரண்டு வயதுவரை நின்று பணிபுரிய வேண்டியவை. பாற்பல்லின் மேற்பூச்சு நிலையான பல்லின் மேற்பூச்சைவிட மெல்லியது. அதனால் சூத்தையும் அதிலே விரைவாக ஆழ்ந்து செல்கின்றது. வலியினால் இரவெல்லாம் அழும் பிள்ளை மறுநாள் பாடசாலையில் எதனைக் கற்கும்? ஒரு பக்கத்தால் மட்டும் மென்று அரைகுறையாக விழுங்கும் பிள்ளை எவ்வாறு உடல் தேறும்? மேலும், பின்புறத்துப் பாற்பல்லைக் காலத்துக்கு முன்னே இழக்க நேர்ந்தால் அயற்பற்கள் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றன. பின்னர் முளைக்க வேண்டிய நிலையான பல்லுக்கு இடமில்லாமற் போகின்றது. பாற்பல் என்பது தனக்குப்பின் வருபவருக்கு இடம்பிடித்து வைத்திருக்கும் நல்ல காவற்காரனாகும்.

இனி, இப்பேச்சிலே நீங்கள் மறவாது மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று. பாற்பற்கள் மொத்தம் இருபது. ஒவ்வொரு தாடையிலும் நடுவிலிருந்து வலப்புறமாக எண்ணினால் ஐந்து, இடப்புறமாக எண்ணினால் ஐந்து. பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு வயதாகும்போது, இந்த ஐந்துக்கும் பின்னால், வாயின் கடைசியில், ஆறாவதாக ஒரு பெரிய பல் முளைக்கின்றது. அது பாற்பல் அன்று. வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டிய நிலையான கடைவாய்ப் பல். எந்தப் பாற்பல்லும் அதற்காக விழுவதில்லை. வலியும் பெரிதாக இருப்பதில்லை. ஆகவே அதன் வருகையை வீட்டில் எவரும் அறிவதில்லை. அறிந்தவரும் அதனைப் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர்.

இங்கேதான் காலத்தின் பொருந்தாமை ஒன்றைக் காண்கின்றோம். ஐந்து வயது நிறைந்து முதலாம் தரத்திலே சேர்ந்தவுடன், "இனிப் பிள்ளை வளர்ந்துவிட்டான், தன் வேலையைத் தானே பார்ப்பான்" என்று பெற்றோர் கையை எடுத்துக்கொள்கின்றனர். அதே ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ ஆறாம் பல் முளைக்கின்றது. அது முழுமையாக வெளிவருவதற்குப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேல், செல்லும். அக்காலம் முழுவதும் அயற்பல்லின் மட்டத்துக்குக் கீழே பதுங்கி நிற்பதால், சாதாரணமாகத் துலக்கும்போது தூரிகை அதன்மேல் படாமலே கடந்துவிடும். முளைத்த புதிதில் அதன் மேற்பூச்சும் முழு உறுதி பெற்றிருப்பதில்லை. அதன் மேற்பரப்பிலோ உணவுத்துணுக்குகள் தங்குவதற்கு ஏற்ற ஆழமான பள்ளங்கள் உண்டு. பெரியவரின் கை மிகவும் வேண்டியிருக்கும் அந்த நாட்களிலேயே பெரியவரின் கை விலகிவிடுகின்றது. முன்பல் விழுந்தால் அதனைக் கூரைமேல் எறிந்து, அணிலிடம் புதுப் பல் கேட்கும்படி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். சந்தடியின்றி வந்து நிற்கும் ஆறாம் பல்லையோ கேட்பார் இல்லை. ஆறு வயதிலே ஆறாம் பல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அவ்வாறாயின், பிள்ளை தகுதி பெற்றுவிட்டது என்பதை எவ்வாறு அறிவது? பொதுவாகப் பல் வைத்தியர்கள் ஏழு வயது, எட்டு வயது என்று சொல்வார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். பிறந்தநாளைப் பார்ப்பதைவிடப் பிள்ளையின் கையைப் பார்ப்பது மேல். தன் சப்பாத்தின் நாடாவைத் தானே முடிந்துகொள்ளும் பிள்ளையின் விரல்கள் நுட்பமான வேலைக்குத் தயாராகிவிட்டன எனலாம். தமிழ் வீடுகளுக்கு இன்னும் எளிதான அடையாளங்களும் உண்டு. கொப்பியின் இரு கோடுகளுக்கு நடுவே 'ஞ', 'இ', 'ழ' முதலிய சுழியுள்ள எழுத்துக்களைத் தடுமாறாமல் எழுதுகின்றதா என்று பாருங்கள். மணிக்கட்டும் விரலும் சேர்ந்து இயங்கினால் அன்றி அச்சுழிகள் வரமாட்டா. சோற்றையும் கறியையும் பிசைந்து, சிந்தாமல், விரல் நுனியால் எடுத்து உண்கின்றதா என்றும் பாருங்கள். இவற்றோடு, வாயில் எடுத்த நீரை விழுங்காமல் கொப்பளித்துத் துப்பத் தெரிந்திருக்கவும் வேண்டும். இவையெல்லாம் கைவந்த பிள்ளைக்குத் துலக்கும் வேலையை ஒப்படைக்கலாம்.

ஒப்படைப்பது என்றால் ஒரே நாளில் ஒப்படைப்பது என்று கொள்ளாதீர்கள். நீந்தப் பழக்குவோன் ஒரு கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டே பிள்ளையை நீரிலே விடுகின்றான் அன்றோ? அதுபோலவே இதுவும். முதற் பல் முளைத்த நாளிலிருந்து இரண்டு வயதுவரை வேலை முழுவதும் பெரியவருடையது. இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுவரை பிள்ளை விளையாட்டாகத் தேய்க்கட்டும். அதன்பின் பெரியவர் முழுவதையும் துலக்கிவிட வேண்டும். நான்கிலிருந்து ஆறுவரை முதலில் பிள்ளையின் முறை, பின்பு பெரியவரின் முறை என்று ஒழுங்கு செய்துகொள்ளலாம். ஆறிலிருந்து எட்டுவரை பிள்ளையே துலக்கட்டும். ஆனால் இரவு வேளையில் கடைவாய்ப் பற்களையும் அந்த ஆறாம் பல்லையும் பெரியவர் ஒருமுறை துலக்கிவிடுவது அவசியம். எட்டு வயதுக்குப் பின்னர் அருகிலிருந்து பார்த்தாலே போதும். வாரத்துக்கு ஒருமுறையேனும் உதட்டை உயர்த்திப் பரிசோதிக்கலாம். முதலாம் தரத்திலே கையை எடுக்க வேண்டாம்; மூன்றாம் தரம்வரை பொறுத்திருங்கள் என்பதே என் வேண்டுகோள். கை கால் வளம் குன்றிய பிள்ளைகளுக்கும், அறிவு வளர்ச்சியில் தாமதமுள்ள பிள்ளைகளுக்கும் இந்தத் துணை இன்னும் பல ஆண்டுகள் தேவைப்படலாம்.

துலக்கும் முறையையும் சொல்லுகின்றேன். பிள்ளைக்கு எதிரே நின்று துலக்குவது கடினம். பின்னே நின்று, பிள்ளையின் தலையை உங்கள் மார்பிலோ மடியிலோ சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு விரலால் உதட்டை விலக்குங்கள். சிறிய தலையும் மென்மையான தும்பும் உடைய தூரிகையை முரசின் ஓரத்திலே வைத்து, சிறு சிறு வட்டங்களாக அசையுங்கள். அழுத்தித் தேய்ப்பதனால் பயன் இல்லை, முரசுதான் நோகும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் மேற்பரப்பு என்ற வரிசையை நாள்தோறும் மாற்றாமல் பின்பற்றினால் பிள்ளையின் மனத்திலும் அவ்வரிசை பதிந்துவிடும். பாதி முளைத்த ஆறாம் பல்லுக்கு மட்டும் தூரிகையைக் குறுக்காகத் திருப்பிக் கன்னத்தின் பக்கமாக நுழைத்துத் துலக்க வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம் போதும். வானொலியிலே கேட்கும் ஒரு பாடலின் பாதி நேரமே அது. துலக்கியபின் சுத்தமான நகத்தினால் முரசோரத்தை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெண்மையான பசை நகத்தில் ஒட்டினால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். தும்பு விரிந்துபோன தூரிகையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கிற் போராட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே தூரிகை என்பது எக்காலத்திலும் கூடாது.

பற்பசை எவ்வளவு வேண்டும் என்பதிலும் தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. விளம்பரப் படங்களிலே தூரிகையின் நீளம் முழுவதும் பசை அலைபோலப் படிந்திருக்கும். பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணியளவு, மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு பட்டாணிக் கடலையளவு, அவ்வளவே. பசையிலே புளோரைட் என்னும் சத்து இருப்பது முக்கியம். அது பல்லின் மேற்பூச்சை அமிலத்துக்கு எதிராக வலுப்படுத்துகின்றது. கொழும்பு நகருக்குக் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையிலும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் சுத்திகரித்து வழங்கப்படும் குடிநீரிலே இயற்கையான புளோரைட் மிகவும் குறைவு. ஆகவே நகரத்துப் பிள்ளைக்குப் பற்பசையே அதனை வழங்கவேண்டியுள்ளது. அநுராதபுரம் முதலிய உலர்வலயப் பகுதிகளில் கிணற்று நீரிலே புளோரைட் மிகுந்திருப்பதும், அதனால் அங்குள்ள பிள்ளைகள் பலரின் பற்களில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுவதும் அறிந்த செய்தி. அப்பகுதிகளில் வாழும் பெற்றோர், எப்பசையை எவ்வளவு பயன்படுத்துவது என்று பல் வைத்தியரைக் கேட்டு அறிந்துகொள்வது நன்று. பிள்ளை பசையை விழுங்காமல் பார்த்துக்கொள்வதற்கும் பெரியவர் அருகில் இருக்க வேண்டும். துலக்கி முடித்தபின் நுரையைத் துப்பினால் போதும். பலமுறை நீரூற்றிக் கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய மருந்தையும் சேர்த்துக் கழுவிவிடுகின்றோம்.

"எங்கள் காலத்தில் பசையும் தூரிகையுமா இருந்தன? வேப்பங்குச்சியால் துலக்கினோம், பல் உறுதியாகத்தானே இருந்தது" என்று முதியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கின்றது. ஆலையும் வேலையும் பல்லின் உறுதியோடு இணைத்துப் பேசும் பழமொழி நம்மிடையே வழங்கிவருகின்றது. நம் அயலவரான முஸ்லிம் மக்கள் மிஸ்வாக் குச்சியைப் போற்றி வருகின்றனர். குச்சியை மென்று தும்பாக்கிப் பொறுமையோடு ஒவ்வொரு பல்லையும் தேய்த்த பழக்கம் உயர்ந்ததே. ஆனால் அக்காலத்துப் பிள்ளைக்கு இக்காலம்போல் வேளைக்கு வேளை சீனியும் பிஸ்கட்டும் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். குச்சியை வாயினுள்ளே திருப்பித் திருப்பித் துலக்குவது வளர்ந்தவரின் கைக்கே உரிய வேலை. சின்னஞ்சிறு பிள்ளைக்கு அது ஏற்றதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பிலே கோபால் பற்பொடி விளம்பரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பற்பொடி, உமிக்கரி, உப்பு ஆகியவற்றோடு பல வீடுகளுக்கு உள்ள பழக்கத்தை நான் அறிவேன். எனினும் கரியும் கரடான பொடியும் பாற்பல்லின் மெல்லிய பூச்சைத் தேய்த்துவிடக்கூடும். பொடியைக் கொட்டி விரலால் தேய்க்கும் முறையில் பற்களின் இடுக்குகள் சுத்தமாவதுமில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு மென்மையான தூரிகையும் சிறிதளவு பசையுமே தக்கவை.

காலை, இரவு என்ற இரண்டு வேளைகளில் ஒன்றைத்தான் கவனத்தோடு செய்ய முடியும் என்றால், நான் இரவையே சொல்வேன். உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகின்றது. பல்லைக் காக்கும் காவலன் ஓய்வெடுக்கும் நேரம் அது. அந்நேரத்தில் வாயிலே தங்கிய சீனி விடியும்வரை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நம் வீடுகளிலே மாலையில் சீனி கலந்த வெறுந்தேநீரில் பிஸ்கட்டை நனைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதும், இரவிலே பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்க விடுவதும் வழக்கமாகிவிட்டன. போத்தலோடு உறங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு வயதுக்குள்ளேயே கரைந்து கறுத்துவிடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். இரவிலே துலக்கியபின் தண்ணீர் தவிர வேறொன்றும் கொடாதிருப்பதே நலம்.

இரவு வேளை இன்னொரு வகையிலும் நமக்கு உகந்தது. காலையிலே குழாயடியில் வரிசை. இரவிலே அந்த அவசரம் இல்லை. உண்மையில் பல் துலக்குவதற்குக் குழாயே தேவையில்லை. ஒரு குவளைத் தண்ணீர், துப்புவதற்கு ஒரு சிறிய பாத்திரம், நல்ல விளக்கு வெளிச்சம் ஆகிய மூன்றும் இருந்தால் ஓர் அறை கொண்ட வீட்டிலும் பாயிலே அமர்ந்தபடி இவ்வேலையை முடித்துவிடலாம். இது தாய் ஒருத்தியே சுமக்கவேண்டிய வேலையும் அன்று. பகலெல்லாம் துறைமுகத்திலோ கடையிலோ உழைத்து இரவிலே வீடு திரும்பும் தந்தைக்குத் தன் பிள்ளையைத் தொட்டுப் பேச இரண்டு நிமிடம் கிடைக்கின்றதென்றால், அதைவிட நல்ல வாய்ப்பு எது? வீட்டிலே பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களும் செய்யலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயது நிரம்பிய அக்காவும் பழகிக்கொள்ளலாம்.

அரசாங்கம் இதற்கு என்ன செய்கின்றது என்று சிலர் கேட்கலாம். பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பேணுவதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்களை அனுப்பும் முறையை உலகிலே முதன்முதலாகப் பெருமளவில் நடத்திக் காட்டிய நாடு நியூசிலாந்து. 1921ஆம் ஆண்டில் தோமஸ் ஹன்டர் என்பவரின் முயற்சியால் வெலிங்டன் நகரிலே அப்பயிற்சி தொடங்கியது. 1950ஆம் ஆண்டிலே நம்முடைய கொழும்பு நகரில் கூடிய பொதுநலவாய நாடுகளின் மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டத்தின் பயனாக, நியூசிலாந்தின் உதவியோடு அதே முறை இலங்கைக்கும் வந்தது. மகரகமவிலே பயிற்சிப் பாடசாலை அமைந்தது. அங்கே பயின்றவர்கள் நாடெங்கும் உள்ள பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களிலே பணியாற்றி வருகின்றனர். மூன்று வயது முதல் பதின்மூன்று வயதுவரையுள்ள பிள்ளைகளின் பற்களைச் சோதிப்பதும், சூத்தையை அடைப்பதும், பராமரிப்பைக் கற்பிப்பதும் அவர்களின் கடமை. கொழும்பு வார்ட் பிளேசில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையும் நகரத்தாருக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றது. ஆறாம் பல்லின் ஆழமான பள்ளங்களை, சூத்தை விழுவதற்கு முன்னரே மெல்லிய பூச்சினால் அடைத்துக் காக்கும் முறையும் இன்று உண்டு. பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது அதுபற்றிக் கேட்டறிவது பயன் தரும்.

இத்தனை வசதிகள் இருந்தும், சிகிச்சை நிலையம் பிள்ளையின் வாயை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பார்க்கலாம். மற்ற நாட்களெல்லாம் அந்த வாய் நம்முடைய பொறுப்பிலேயே இருக்கின்றது. விழுந்த குழியை வைத்தியர் அடைக்கலாம். நாள்தோறும் படியும் படையை அகற்றுவதற்கு வீட்டிலுள்ள ஒரு கையைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு சொல் பிள்ளைகளின் மனத்தைக் குறித்தும் சொல்ல வேண்டும். துலக்க வரும்போது சில பிள்ளைகள் வாயை இறுக மூடிக்கொள்வார்கள், அழுவார்கள், ஓடுவார்கள். "பல் டொக்டரிடம் கொண்டுபோய் ஊசி போடுவேன்" என்று மிரட்டுவது நம்மிடையே உள்ள பெரிய பிழை. அவ்வாறு மிரட்டப்பட்ட பிள்ளை, உண்மையிலே பல் வலி வந்தபோதும் அதனை மறைத்துவிடும். அதனினும் நல்ல வழி, பிள்ளையின் முன்னே நீங்களும் துலக்குவதாகும். பிள்ளை உங்கள் பல்லை ஒருமுறை துலக்கிவிடட்டும். நீங்கள் அதன் பல்லைத் துலக்குங்கள். "நீ நன்றாகத் துலக்கினாய், எட்டாத இடத்தை மட்டும் நான் பார்க்கின்றேன்" என்று சொன்னால் பிள்ளையின் மானமும் காக்கப்படும், வேலையும் நிறைவேறும். "நானே" என்று சொல்லும் அந்த ஆர்வம் பெருஞ் செல்வம். அதனை அடக்காமலும், அதனையே நம்பி ஒதுங்கிவிடாமலும் நடந்துகொள்வதுதான் பெற்றோரின் சாமர்த்தியம்.

நேயர்களே, பிள்ளைக்கு எழுதப் பழக்கும்போது அதன் கையைப் பிடித்து எழுதுவிக்கின்றோம். அரிச்சுவடியை வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீயே எழுதிக்கொண்டு வா" என்று அனுப்பிவிடுவதில்லை. பல் துலக்குவதும் கையால் கற்கும் வித்தையே. அதற்கும் அத்தனை பொறுமையும் அத்தனை ஆண்டுகளும் வேண்டும். இன்றிரவு உங்கள் பிள்ளை உறங்கச் செல்லுமுன் அதன் உதட்டை மெல்ல உயர்த்திப் பாருங்கள். நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறாவது பல் ஒன்று அங்கே எட்டிப்பார்க்குமானால், பிள்ளையின் கையிலிருக்கும் தூரிகையை இன்னும் சில காலம் நீங்களும் சேர்ந்து பிடித்துக்கொள்ளுங்கள்.